பிளந்த நகத்தின் பிறை

வடகீழ்க்காற்று தன் கடைசி மழையையும் கொட்டித் தீர்த்து ஓய்ந்த மாசித் திங்களின் விடியற் பொழுதொன்றில், மட்டக்களப்பு வாவி வாய் திறந்து கடலோடு கலக்கும் பாலமீன்மடுக் கரையில் நின்று, படிப்போரே, நீங்கள் கீழைத்திசை நோக்கியிருந்தீர்களாயின், கண்டல் மரங்களின் கால்களை இரவெல்லாம் கழுவிக்கொண்டிருந்த நீர் ஒரு சாண் இறங்கி, வெளிச்சவீட்டின் தலையில் இளவெயில் ஏறி, வலை வீசிக் களைத்த தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கரை தட்டி, ஈரம் உலராத மணல் திட்டு ஒன்று நீருக்குள்ளிருந்து முதுகு காட்டி எழுந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாவியில் மீன் பாடும் என்பதைச் சொல்லிச் சொல்லி உலகுக்கு வாய் வலித்துவிட்டது. அங்கே நண்டு கோலமிடும் என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. சுண்டைக்காயளவு உடலோடு வளையை விட்டு வெளிப்படும் அக்குறுநண்டுகள், மணலை வாயிலிட்டுச் சலித்து இரை கொண்டு, எஞ்சியதை மணி மணியாய் உருட்டி, வளையைச் சுற்றிக் கதிர் கதிராய் வைத்துச் செல்லும் அழகை எழுதப் புகுந்தால் என் எழுத்துத்தான் நாணும். பொழுதேறி நீரும் ஏறினால் அத்தனையும் அழிந்துபோகும்.

அத்திட்டின்மேல் அன்று குந்தியிருந்தவள் யசோதினி என்னும் நெசவுக்காரி. ஊர்க் கைத்தறி நிலையத்தில் பதினான்கு ஆண்டுகளாய்த் தறியில் அமர்ந்து, பிறர் வரைந்து தந்த பூக்களையே நெய்து நெய்து சலித்துப்போன அவள், தன் கண் கண்டதைத் தன் கையால் நெய்யவேண்டும் என்னும் ஆசை பிடித்தாட்ட, ஓராண்டுக் காலம் விடியல்தோறும் இம்மணலுக்கு வந்து நண்டுகளின் கைவேலையைக் கண்கொட்டாது பார்த்திருந்தாள். ஆயினும் நண்டுக்குத் தறியின் கணக்குத் தெரியுமோ? ஒரு கதிர் நீளும். மறுகதிர் பாதியில் நிற்கும். ஒன்று வகுத்த எல்லைக்குள் இன்னொன்று புகுந்து கலைத்துவிட்டு ஓடும். சேலையிலோ ஒரு பூவே மீண்டும் மீண்டும் பிசகாது வந்தாகவேண்டும். ஆகையால் நண்டு விட்ட இடத்தில் அவள் தொடர்வாள். ஈரமணலை இரு விரலால் உருட்டி, கதிர் குறைந்த இடத்தில் வைத்து, உருண்டோடாதிருக்கக் கட்டைவிரல் நுனியால் மெல்ல அழுத்தி, பூவோடு பூவை இணைத்து, எழுந்து தள்ளி நின்று பார்த்து, கண்ணுக்கு ஒத்து வந்த பின்னரே கட்டத்தாளில் குறித்துக்கொள்வாள். மணலில் ஒருமுறை நெய்து பார்த்துவிட்டுத் தறியில் நெய்யும் இம்முறையை அவளுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அவ்விடியலில் அவளோடு வந்திருந்தவள் கேதீஸ்வரி. தாய்மாமன் மகள், மச்சாள் முறை. மணவீடுகளில் ஒளிப்படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டே, என்றேனும் ஒருநாள் தன் படம் ஊர் வியக்கச் சுவரில் தொங்கும் என்று கருவியும் தோளுமாய்த் திரிந்தவள். இருவரும் ஒரு வளவில் பிறந்து, ஒரு கோப்பையில் உண்டு வளர்ந்தவர்கள். நெசவு பழகத் தொடங்கிய புதிதில் தறிப்பலகைக்கிடையே அகப்பட்டு யசோதினியின் வலக் கட்டைவிரல் நகம் நடுவே இரண்டாய்ப் பிளந்தபோது, தன் பள்ளிச் சீருடையின் ஓரத்தைக் கிழித்து அவ்விரலுக்குக் கட்டுப் போட்டு, குருதி நிற்கும்வரை கையைப் பிடித்தபடி அழுதவளும் இக்கேதீஸ்வரியே. அந்நகம் பின்னர் வளர்ந்தது. பிளவு மட்டும் கூடவேயில்லை.

பத்தொன்பது வளைகளைச் சுற்றி, இரண்டு மணி நேரம் குந்தியபடியே, இடுப்பு நொந்து கால் மரத்துப்போக, யசோதினி அன்று இட்டு முடித்த பூப்பரப்பு அதுவரை அவள் இட்டவற்றுள் பெரிது. நண்டு வைத்த மணி சில நூறு இருக்கும். மற்றவையெல்லாம் அவள் வைத்தவை. கடல்நீர் திட்டின் ஓரத்தை நக்கத் தொடங்கியதும் அவள் பதறி எழுந்தாள்.

"மச்சாள், கெதியா மேல நிண்டு ஒரு போட்டோ எடு. தண்ணி வந்தா எல்லாம் போயிரும். கட்டத்தாளில போட்டு முடிக்குமட்டும் எனக்கு அது வேணும்."

"ஓம் மச்சாள். உனக்கு எடுக்காம ஆருக்கு எடுக்கப் போறன்?"

"சேலை தறியால இறங்குமட்டும் ஒருத்தருக்கும் காட்டிராத."

"என்னகா, என்னையும் நம்பல்லயா?"

நம்பினாள். பாவி, நம்பாமல் இருந்திருக்கலாம்.

பங்குனி போய்ச் சித்திரையும் போயிற்று. விடிகாலை வாவியின் சாம்பல் நீலத்தில் பாவோட்டி, ஈரமணல் நிறத்து நூலால் மணி மணியாய்ப் பூவெடுத்து, தவறிய இழையைப் பிரித்துப் பிரித்து மீண்டும் நெய்து, வைகாசி முடிவில் அவள் அச்சேலையை இறக்கியபோது நிலையத்துப் பெண்கள் வாயில் கைவைத்தார்கள். காத்தான்குடியில் புடைவைக் கடை நடத்தும் அசனார் அதை விரித்துப் பார்த்து ஒரு சொல் கொடுத்தார். "ஆனியில கண்காட்சி வருகுது. இது உன்ட கைப்பூவெண்டு அங்க நாலு பேர் ஒத்துக்கொள்ளட்டும் புள்ள. மறுகா பத்துச் சேலை நெய்து தா. உன்ட பேர் நெய்த சேலை என்ட கடையில தொங்கும்." பதினான்கு ஆண்டுகளில் அவள் நெய்த துணியெல்லாம் நிலையத்தின் முத்திரையோடு போயிற்றேயன்றி, எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை. தன் பெயர் தன் துணியில் ஏறுவதைக் காட்டிலும் பெரிய வேண்டுதல் அவளுக்கு இல்லை என்பதை நீங்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தகையவள் என்ன செய்திருந்தாள் தெரியுமா? அம்முதற் சேலை தறியில் இருந்தபோதே அதன் முந்தானை உள்ளோரத்தில், மடித்தால் மறையும்படி, தன் பெயரை மட்டும் நெய்யாமல் கேதீஸ்வரியின் பெயரையும் பக்கத்திலேயே நெய்தாள். அன்று அவள் படம் எடுத்துத் தந்திராவிட்டால் அப்பூவை நீர் கொண்டுபோயிருக்குமே என்று நன்றி மேலிட்டு நெய்தாள். கண்காட்சி நாளில் மச்சாளின் கண்முன்னே விரித்துக் காட்டி அவளைத் திகைக்க வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

வாவிக்கரையோர மண்டபத்தில் கண்காட்சி கூடிய நாளில், கையில் சேலைப் பொதியோடு உள்ளே நுழைந்த யசோதினி, வாயிலுக்கு நேர் எதிரே சுவரளவு பெரிதாய்த் தொங்கிய ஒளிப்படத்தைக் கண்டு நின்றவிடத்திலேயே நின்றாள். பத்தொன்பது வளை, அவள் இட்ட அதே பூ. கீழே இயற்கைப் பிரிவின் முதற்பரிசு என்றும், 'கை தீண்டாக் கோலம்' என்றும், கேதீஸ்வரி என்றும் எழுதியிருந்தது. ஆயினும், ஏதோ பிழை நேர்ந்திருக்கும், மச்சாள் வந்து சொல்லுவாள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, கைவினைப் பகுதியில் சேலையை வைத்துவிட்டு ஒதுங்கியிருந்தாள்.

பிற்பகலில் நடுவர் மூவர் வந்தனர். சேலையைப் பார்த்தனர், படத்தைத் திரும்பிப் பார்த்தனர், தமக்குள் முணுமுணுத்தனர். கைவினைக்கு வரும் பொருள் பிறர் ஆக்கத்தைப் பார்த்துச் செய்ததாய் இருத்தலாகாது என்பது ஓர் ஒழுங்கு. இயற்கைப் பிரிவில் வைக்கும் படத்தில் மனிதர் அடுக்கிவைத்தது எதுவும் இருத்தலாகாது என்பது மற்றோர் ஒழுங்கு. இரண்டு பெண்களையும் அழைத்து, மூத்த நடுவர் கேட்டார்.

"இந்தப் பூவும் அந்தப் படமும் ஒண்டுதானே தங்கச்சி? படம் மாசியில எடுத்தது. சேலை வைகாசியில முடிஞ்சிருக்கு. அப்ப எதைப் பாத்து எது வந்தது?"

"அந்தப் பூவை மண்ணில போட்டது நான் ஐயா," என்றாள் யசோதினி. "படம் பிடிச்சுத் தரச் சொன்னதும் நான்தான். மச்சாளைக் கேளுங்க."

எல்லார் கண்களும் கேதீஸ்வரியின்மேல் விழுந்தன. ஆம் என்றால் பரிசு போகும். அப்பரிசோடு வந்த, கடல் கடந்த நாடொன்றில் ஓராண்டு ஒளிப்படக்கலை பயிலும் வாய்ப்பும் போகும். அவள் மச்சாளைப் பாராமல் நடுவரையே பார்த்தாள்.

"இல்ல ஐயா. அது நண்டு போட்டது. படத்தை மச்சாளுக்கு நான்தான் குடுத்தன், பாத்து நெய்யெண்டு."

இளைய நடுவர் ஒருவர், நெய்தவரின் குறி ஏதும் உண்டோ என்று முந்தானையை விரித்தார். உள்ளோரம் வெளிப்பட்டது. அங்கே இரு பெயரும் அருகருகே இருந்தன.

"பாருங்க," என்றாள் கேதீஸ்வரி. "என்ட படத்தில இருந்து எடுத்ததெண்டுதான் என்ட பேரையும் போட்டிருக்கா."

ஐயோ, அன்பினால் நெய்த எழுத்தே அவளுக்கு எதிராய் நின்று சான்று சொல்லிற்றே! "உங்கட சேலையே சொல்லுதே பிள்ளை, பிறகென்ன," என்று மூத்தவர் இரக்கத்தோடுதான் சொன்னார். சேலை மேசையிலிருந்து இறக்கப்பட்டது. பார்த்து நின்றவர்கள் கலைந்தார்கள். எல்லாம் தேநீர் ஆறும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

மண்டபம் வெறிச்சோடிய பின்னர்தான் யசோதினி முதன்முறையாய் அப்படத்தின் அருகே போனாள். தூரத்தில் பொட்டாய்த் தோன்றிய மணல்மணிகள் அங்கே கொய்யாக்காய்ப் பருமனுக்குப் பெருகிக் கிடந்தன. அவள் வைத்தவை ஒவ்வொன்றின் தலையிலும் சிறு பிறை ஒன்று பதிந்திருந்தது. ஒவ்வொரு பிறையும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட்டு இரண்டாய்ப் பிளந்திருந்தது. பக்கத்துப் பலகையில் நடுவர் எழுதிய பாராட்டைப் படித்தாள்: 'நண்டின் நுண்கொடுக்கு மணிகளில் செதுக்கிய இளம்பிறையைக் காண்க; மனிதக் கைக்கு இத்திறன் வாய்க்குமோ!' நண்டு அதைப் படித்திருந்தால் சிரித்திருக்கும். யசோதினி தன் கட்டைவிரலை உயர்த்தி ஒரு மணியின்மேல் வைத்தாள். பிளவுக்கு நேரே பிளவு நின்றது.

சட்டத்தைக் கழற்றிச் செல்ல வந்த கேதீஸ்வரி அவள் பின்னால் நின்றுவிட்டாள். சேலையை ஏற்றிப்போக வந்திருந்த அசனாரும் அங்கே நின்றார்.

"இது ஆருட நகம் மச்சாள்?" என்று யசோதினி திரும்பாமலே கேட்டாள். "நீ கட்டுப் போட்ட நகம். இவ்வளவு பெரிசாக்கி, நாள் கணக்கா முன்னுக்கு வெச்சுப் பாத்திருப்பாய். உனக்குத் தெரியாமலா கை தீண்டாதெண்டு பேர் வெச்ச?"

கேதீஸ்வரி தலை குனிந்தாள். "ஒரு வருசம் மச்சாள். போயிட்டு வந்து எல்லாருக்கும் சொல்லுறன். நீ இன்னொரு பூ போடலாம். எனக்கு இதை விட்டா வேற வழியில்ல."

"அல்லாவே, கண்ணுக்கு முன்னுக்கு இருக்கே அத்தாட்சி!" என்று அசனார் துடித்தார். "நடுவர்மார் வாசலிலதான் நிக்கிறாங்க. வா புள்ள, இப்பவே கூப்பிட்டுக் காட்டுவம்."

"வேணாம் அசனார் காக்கா. அவ போய்ச் சொல்லட்டும். அவ வாயால வந்தாத்தான் எனக்கு அது வேணும்." பின்னர் மச்சாளை நேராய்ப் பார்த்தாள். "போ மச்சாள். பத்தடிதான்."

கேதீஸ்வரி நின்றாள். வாயிலில் நடுவர்களின் பேச்சொலி கேட்டது; ஊர்தியின் கதவு திறக்கும் ஒலி கேட்டது; அது மூடும் ஒலியும் கேட்டது. ஊர்தி போயிற்று. அதன் பின்னரே அவள் அசைந்தாள். சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி, ஒரு துணியால் போர்த்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மச்சாளைக் கடந்து வெளியே போனாள்.

யசோதினி அன்று மாலை நடந்தே வீடு சேர்ந்தாள். பரிசு கொடுத்தவர் ஏமாந்தார், பழுதில்லை. ஊரார் நகைத்தனர், அதுவும் ஆறும். கையைப் பிடித்து அழுதவளே அக்கையை இல்லையென்று சொன்னாளே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? மறுவாரம் அசனார் நிலையத்துக்கு வந்து, தறியருகே நின்று, நாலு பேர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தன் கண் ஒத்துக்கொண்டது என்றும், பத்துச் சேலையும் வேண்டும் என்றும் சொல்லி, "பேரைப் போடு புள்ள. இந்த முறை ஒரு பேர்," என்றார். அவள் தலையசைத்தாள். கட்டத்தாளை எடுத்தாள். முந்தானை ஓரத்தில் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். பக்கத்து இடம் வெறுமையாய்க் கிடந்தது. நடுவில் எழுதிப் பார்த்தாள்; இரு பக்கமும் வெறுமையாயிற்று. எழுதியதை அழித்துவிட்டு, வேறொன்றை வரைந்தாள்.

காத்தான்குடித் தெருவில் நீங்கள் என்றேனும் வாவி நிறத்துச் சேலை ஒன்றைக் கண்டு, விரலால் தடவி, முந்தானை ஓரத்தைத் திருப்பிப் பார்க்க நேர்ந்தால், பெயர் இருக்காது. நடுவே பிளந்த ஒரு சிறு பிறை மட்டும் இருக்கும். பெயரை எவரும் எடுத்துக்கொள்ளலாம், எவர்க்கும் கொடுக்கலாம் என்பதை இரண்டு வழியிலும் கற்றுக்கொண்டவள் நெய்தது அது. யசோதினி இன்றும் நீர் இறங்கும் விடியல்களில் அத்திட்டுக்குப் போகிறாள். மணியை உருட்டி, கதிரில் வைத்து, கட்டைவிரலால் அழுத்துகிறாள். படமெடுக்க எவரையும் அழைப்பதில்லை. நீர் ஏறி வந்து அதைக் கொண்டுபோகும்வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துவிட்டு எழுந்து வருகிறாள்.