அடுக்களை வழியே போன அறுபதடிச் சாலை

கண்ணிக்குளத்தில் மெஹ்ருன்னிசாவின் அடுக்களை வழியாக 2045ஆம் ஆண்டின் பேருந்து முதன்முதலாகப் போனது, ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு. கோட்டாறு போகிற வண்டி. கிழக்குச் சுவரில் நுழைந்து மேற்குச் சுவரில் வெளியேறியது. சுவரில் ஒரு கீறல் இல்லை. புட்டுக்குழலின் ஆவி மட்டும் சற்று நேரம் மேற்கே சாய்ந்து நின்றது. சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கும் கணவர் அபுதாஹிருக்கு போன் செய்து சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எந்த டெப்போ வண்டி?”

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். முந்தைய வெள்ளிக்கிழமை, நகராட்சி தன் 2045 வரைக்குமான இருபதாண்டு முழுமைத் திட்டத்தின் வரைவு வரைபடத்தை அலுவலக வராந்தாவில் மாட்டியிருந்தது. அறுபது நாளுக்குள் பொதுமக்கள் கருத்தும் ஆட்சேபனையும் சொல்லலாம் என்று பத்திரிகையில் ஓர் அறிவிப்பும் வந்தது, இரண்டு இரங்கல் விளம்பரங்களுக்கு நடுவே, மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கும் எட்டாத எழுத்தில். மறுநாளே நடந்த முதல் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். எட்டுப் பேர் நகராட்சி ஊழியர்கள். மற்ற மூவர் சாயாவும் வடையும் உண்டென்று கேள்விப்பட்டு வந்தவர்கள். ஊர் வந்து பார்க்காததால் வரைபடம் ஊருக்குள் வந்துவிட்டது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அதில் புது அறுபதடிச் சாலை ஒன்று மெஹ்ருன்னிசாவின் வீட்டின்மேல் போனது. குளத்தால் பெயர் வந்த ஊரில் குளத்தையே தூர்த்து நான்கு மாடி வணிக வளாகம் என்று வரைந்திருந்தார்கள். அதுவும் அந்தத் திங்கட்கிழமையே தண்ணீர்மேல் எழுந்து நின்றது. துணிக்கடைக்குள் கெண்டைகள் நீந்தின. நகைக்கடை மேசைமேல் நீர்க்காகம் இறகு உலர்த்தியது.

அதற்குப் பிறகு நகராட்சியின் திட்ட உதவியாளர் ஸ்ரீஜித்துக்கு மதியச் சோறு மாலையில்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் மனுக்கள் வந்தன. 2045இன் ஆள் ஒருவன் தினமும் தன் முற்றத்தில் நின்று பீடி குடிப்பதாக ஒருத்தி எழுதினாள். எதிர்காலத்தில் பக்கத்து வீடு தன் வீட்டைவிட ஒரு மாடி உயரம் என்பதைக் கண்ட ஒருவர், அதைத் திட்டத்திலேயே குறைக்கும்படி கேட்டிருந்தார். ஸ்ரீஜித் எல்லாவற்றுக்கும் எண் போட்டு முத்திரை குத்தினான். ஆனால் சாலையின் வழித்தடத்தை மாற்றும்படி, அதில் வீடு சிக்கியவர் மட்டுமே கேட்கலாம் என்பது சட்டம். அறுபதடிச் சாலையில் சிக்கிய ஒரே வீடு மெஹ்ருன்னிசாவுடையது. அவள் மனு கொடுத்தால் சாலை கால்வாய்க்கரைக்கு நகரும். சாலை நகர்ந்தால் வளாகத்துக்கு வழியில்லை, குளம் பிழைக்கும். அவள் கொடுக்கவில்லை.

குளத்தடியில் இரண்டு ஏக்கர் நெல் வைத்திருந்த முத்துநாயகம் ஐந்து முறை வந்து கேட்டார்.

“ஒரு கையெழுத்துதானே பிள்ளே. குளம் போனா அறுபது ஏக்கர் வயலும் போச்சு.”

“யோசிக்கணும் அண்ணாச்சி.”

“சட்டி பானைக்கு நடுவுல பஸ் ஓடுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

இருந்தது. 2045இன் வேகத்தடை ஒன்று சரியாக அவள் அடுப்புக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் அமைந்திருந்தது. அங்கே வண்டி வேகம் குறைக்கும். ஒன்பதாம் நாள் அப்படிக் குறைத்தபோது, மூன்றாவது ஜன்னலில் அவளுடைய மகள் ரிஸ்மா உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயது ரிஸ்மா அந்நேரம் கணக்கு டியூஷனில் இருந்தாள்; ஆறரைக்கே போய்விடுவாள், போயும் கணக்கில் முப்பத்தொன்றுதான் வாங்குவாள். ஜன்னலில் இருந்தவளுக்கு முப்பத்து நாலு வயது. நெற்றியில் கிணற்றுக்கல் கொடுத்த அதே தழும்பு. கழுத்தில் பச்சைப் பட்டியில் அலுவலக அட்டை. எந்த அலுவலகம் என்று வாசிக்க மெஹ்ருன்னிசா தினமும் எட்டிப் பார்த்தாள். ஒரு நாளும் முடியவில்லை. சாலை நகர்ந்தால் பிள்ளையும் போய்விடுவாள். வேறு சாலை, வேறு வண்டி, ஒருவேளை வேறு விதி. இதை யாரிடம் எப்படிச் சொல்வது? மகளிடமும் சொல்லவில்லை.

ஐம்பத்தேழாம் நாள் ஐப்பசி மழை பிடித்தது. 2045இலும் மழை. அடுக்களைத் தரை காய்ந்துதான் கிடந்தது. அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு 2045இன் தண்ணீர் நின்றது. போக்கிடமாக இருந்த குளத்தில் வளாகம் நின்றதால் அது வடியவே இல்லை. ஏழேகால் வண்டி வரவில்லை. வண்டியைத் தேடி நடந்தே வந்த 2045இன் ரிஸ்மா செருப்பைக் கையில் பிடித்தபடி, நனைந்த சுடிதாரோடு அடுப்பருகே முக்கால் மணி நேரம் நின்றாள். வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டே தும்மினாள். மெஹ்ருன்னிசா கொடியில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்துத் தலை துவட்டப் போனாள். தோர்த்து மகளைக் கடந்து காற்றில் துவண்டது. மறுபடியும் முயன்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நகராட்சிக்கு நடந்தாள்.

“எழுதுங்கோ சாரே. ரோட்ட மாத்தணும்.”

“காரணம் என்னண்ணு போடட்டும், இத்தா?”

“எனக்க பிள்ளைக்க காலு நனையுது.”

ஸ்ரீஜித் படிவத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். அப்படியே எழுதினான்.

கல்யாண மண்டபத்தில் நடந்த கடைசிக் கூட்டத்தில் ஊரே இருந்தது. மூன்று மணி நேரச் சண்டைக்குப் பின் திட்டக் குழு ஒப்புக்கொண்டது. ஸ்ரீஜித் ரப்பரால் சாலையை அழித்த கணத்தில், மெஹ்ருன்னிசாவின் அடுக்களையில் பாதி நுழைந்திருந்த நான்கு மணி வண்டி பின்னோக்கி நகர்ந்து, திரும்பி, கால்வாய்க்கரை ஏறிப் போனது. வளாகம் குளத்துக்குள் இறங்கி மறைந்தது. அடுத்த பெருமழைக்கு எதிர்காலத்துச் சாலையில் தண்ணீர் தேங்கவில்லை. முத்துநாயகம் ஒரு செவ்வாழைக்குலை கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். அடுக்களை சத்தமற்றுப் போனது. ஏழேகால் ஆனால் மெஹ்ருன்னிசாவின் கை தானாக நின்றுவிடும். கால்வாய்க்கரைக்கு ஐந்து நிமிட நடைதான். அவள் போகவில்லை. போய், அந்த ஜன்னலில் வேறு யாராவது இருந்துவிட்டால்?

சாலை நகர்ந்த பத்தாம் நாள் காலை ரிஸ்மா டியூஷனிலிருந்து வந்து சைக்கிளைச் சாய்த்தாள்.

“உம்மா, கால்வாய்க்கரை பஸ்ஸுல ஜன்னலோரமா நான் போறேன்.”

மெஹ்ருன்னிசா புட்டுக்குழலை அடுப்பிலிருந்து இறக்கினாள். “எப்பிடி இருந்தா?”

“இத்திரி தடிச்சிருக்கேன். என்னப் பாத்து கண்ணடிச்சா.”

“நீ என்னட்டி செஞ்ச?”

“நானும் அடிச்சேன். புட்டுக்குப் பழம் இருக்கா?”

பழம் இருந்தது.