எடைக்கு எடை வெல்லம்

பரந்தாமனுக்கு இரண்டு எடைகள் இருந்தன. குளியலறை வாசலில் கிடந்த எடை மிஷின் சொன்னது எண்பத்து நாலு. காட்டுப்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைப்பயிற்சி வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறுதோறும் அவன் போட்டுக்கொண்டு வந்தது எழுபத்தாறு.

ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. நடக்கத் தொடங்கிய புதிதில் எடை மளமளவென்று இறங்கியது, குழுவே கைதட்டியது. அப்புறம் எண்பத்து நாலில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. இரவுச் சோற்றை விட்டுப் பார்த்தான். மிஷினைக்கூட இடம் மாற்றி வைத்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. கைதட்டல் நின்றால் தன் கால்களும் நின்றுவிடும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் குழுவில் மட்டும் இளைத்துக்கொண்டே போனான்.

இதற்கிடையில் அவன் மனைவி ஷோபனா, புருஷனுக்குச் சர்க்கரை குறைந்தால் அம்மனுக்கு எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். சர்க்கரை குறைந்ததற்கு வெல்லமா என்று சிரித்த பரந்தாமன், ரிப்போர்ட் நல்லபடியாக வந்த அன்று சிரிப்பை நிறுத்தினான். துலாபாரம் என்றால் தராசில் உட்கார வேண்டும். தராசு வாட்ஸ்அப் பார்ப்பதில்லை.

அவள் அவனுடைய எடையைக் கேட்டது லிஃப்டில். பக்கத்தில் சம்பந்தம் நின்றிருந்தார். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குழுவில் அவன் எடைக்கு முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்குபவர். பரந்தாமனின் வாய் எழுபத்தாறு என்றது. ஷோபனா தலையாட்டிவிட்டு, பூந்தமல்லிக்குப் போய்த் தானே வெல்லம் வாங்கி வந்தாள்.

எட்டுக் கிலோவை ஒரே நாளில் இறக்கிவிடலாம் என்று பரந்தாமன் துலாபாரத்துக்கு முதல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தான். பாரிவாக்கத்துக் கோயிலில் செல்போன், சாவிக்கொத்து, பெல்ட், கடைசியில் மூக்குக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தராசில் உட்கார்ந்தான். குழுவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

எதிர்த்தட்டில் வெல்லம் ஏறிக்கொண்டே இருந்தது. பரந்தாமன் கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டான். வாங்கி வந்த வெல்லம் முழுக்க ஏறியும் அவன் தட்டு எழும்பவில்லை. பூசாரி சங்கிலியை ஆட்டிப் பார்த்தார். தராசில் குறை இல்லை. யாரோ செருமினார்கள். அம்மன் அப்படியே தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. விழுங்கினாலும் அவளுக்கு எண்பத்து நாலு கிலோ தெரிந்துவிடும்.

ஷோபனா பதறவில்லை. வாசலில் நின்ற ஆட்டோக்காரருக்குச் சைகை காட்டினாள். அவர் பின்சீட்டிலிருந்து கனமான ஒரு பையைத் தூக்கி வந்தார். அதிலிருந்த வெல்லத்தையும் வைத்ததும் தட்டு பரந்தாமனோடு மெல்ல மேலே எழும்பியது.

இறங்கியதும், எப்போதிலிருந்து தெரியும் என்று முணுமுணுத்தான்.

"எட்டு கிலோ எறங்கின ஆளு ஒரு பேன்ட்டையாவது பிடிச்சுத் தைக்கக் குடுத்திருப்பீங்களே," என்றாள் ஷோபனா. "கேட்டா வெக்கப்பட்டு நடக்கறத விட்டுருவீங்கன்னு பயம். நான் வேண்டிக்கிட்டது சர்க்கரைக்குத்தாங்க, எடைக்கு இல்ல."

பரந்தாமனுக்குக் கண் கலங்கியது. பட்டினியாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் சம்பந்தம் பக்கத்தில் வந்தார். கிண்டலடிக்கப் போகிறார் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னா நைனா, நீயும் அங்கயேதான் நின்னுகினு கீறியா?" என்றார் அவர். "எனக்கு மூணு மாசமா மிஷின் நவுரல. உனக்கு மட்டும் எறங்குது, நம்ம ஒடம்பு எதுக்கும் லாயக்கில்லன்னு நெனச்சுகினேன். நாளைலேர்ந்து வாக்கிங்கே வேணாம்னு ஷூவத் தூக்கி மேல போட்டுட்டேன்."

இத்தனை நாள் தன் பொய்யைத் தூக்கிச் சுமப்பது தான் மட்டும்தான் என்று பரந்தாமன் நினைத்திருந்தான். தட்டு எழும்பாதபோதுகூட இவ்வளவு சுருக்கென்று தைக்கவில்லை.

மறுநாள் விடியும் முன்பே சம்பந்தம் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினான். நாற்காலி போட்டு ஏறி, பரண்மேலிருந்து ஷூவை எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். நாற்காலி முனகியது.

இருவரும் ஒரு கிலோகூடக் குறையாமல் நடக்கப் போனார்கள்.