இடுப்புப் பட்டி

மகளின் பள்ளிப் பாவாடையை இத்தோடு மூன்றாவது முறையாகப் பிரிக்கிறேன். "நழுவுதும்மா, இன்னும் கொஞ்சம் பிடிச்சுக் குடு" என்று காலையில் மிஷின் மேல் போட்டுவிட்டுப் போனாள். முன்பு இரண்டு முறையும் ஓரத்தில் பிடித்துக் கொடுத்தேன். இனி ஓரத்தில் இடமில்லை, பட்டியையே கழற்றியாக வேண்டும். பிளேடால் நூலை அறுத்துப் பிரித்தபோது, உள்பக்கத்தில் நானே பென்சிலால் எழுதிய எண் தெரிந்தது. இருபத்துநான்கு.

என் மகளுக்கு இடுப்பு இருபத்தாறு அங்குலம். அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன், இருபத்தாறுதான். அடுத்த வரியில் இன்னொரு பெண்ணுக்கு இருபத்துநான்கு. பள்ளி திறக்கிற சமயம், ஒரே நாளில் நாற்பது பாவாடை வெட்டினேன். கண் ஒரு வரி கீழே இறங்கிவிட்டிருக்கிறது.

புதுப் பாவாடையைப் போட்டுப் பார்த்த அன்று கொக்கி எட்டாமல் அவள் என் முன்னால் வந்து நின்றாள். துணி கொடுக்க வந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "லீவு பூரா உக்காந்து தின்னா இப்படித்தாண்டி. பத்து நாள் வாயக் கட்டு, தானா சேரும்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் அளவு தப்பாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. இருபது வருடம் தைத்த திமிர்.

வாயைக் கட்டினாள். கொக்கி சேர்ந்தது. பார்த்தாயா என்று பெருமையாகக் கேட்டதும் நான்தான். பிறகு பள்ளியிலேயே சாப்பிட்டேன் என்றாள், தோழி வீட்டில் சாப்பிட்டேன் என்றாள். டிபன் பாக்ஸ் கழுவித் துடைத்து வந்தது. போன வாரம் தலை வாரிவிட்டேன், சீப்பு நிறைய முடி. கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் கையை ஓங்கினேன். ஒரு வாய் கூடுதலாக இறங்கவில்லை. இப்போது இந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு நம்பிக்கை வந்தது. இதைக் காட்டினால் போதும், பிள்ளை சாப்பிட்டுவிடும்.

சாயங்காலம் வந்தவளை உட்காரக்கூட விடவில்லை. பட்டியையும் நோட்டையும் கையில் கொடுத்தேன்.

"பாருடி, நீ குண்டாகவே இல்ல. அம்மாதான் தப்பா வெட்டிட்டேன். அன்னிக்குப் பேசினதெல்லாம் என் கொழுப்பு. மன்னிச்சிரு கண்ணு."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னைக் கண்டபடி ஏசமாட்டாளா என்று ஏங்கினேன்.

"அப்ப நான் இருபத்தாறா இருந்தேனா?" முகத்தைச் சுளித்தாள். "அவ்வளவா?"

"அது சரியான அளவுடி."

நோட்டை மூடி வைத்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து அளவெடுக்க நிற்கிற அதே இடத்தில், கண்ணாடிக்கு எதிரே, கைகளைத் தூக்கி நின்றாள்.

"இப்ப எவ்ளோன்னு பாரும்மா."

டேப்பைச் சுற்றினேன். எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்திருந்தாள்.

"மூச்ச விடுடி."

கண்ணாடியில் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது எப்போது நகரும் என்று.

"விடு கண்ணு. மூச்ச விடு."

தூக்கிய கைகள் இறங்கவில்லை.