விடுபட்ட ஆறாவது நாள்

மேசைக்குப் பின்னால் சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் மாதவராஜ், அவருக்கு வலப்பக்கம் என் பழைய நெறியாளர் சவரிநாதன், எதிரே முனைவர் பட்டத்துக்காகப் பட்டுப்புடவையில் நிற்கும் ரெஜினா, முன்வரிசையில் அவள் அப்பா, நான்கு ஆய்வு மாணவர்கள், கதவோரம் அட்டெண்டர் தட்சணாமூர்த்தி, கடைசி வரிசையில் நான், மருந்துக் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கிறேன், மின்விசிறிக்குக் கீழே எல்லோரும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் அசைகிறார்கள், திரையில் ஓடுகிறது மூன்றாம் அத்தியாயம், அது என்னுடையது, பிரெஞ்சுப் புரட்சியின் முதலாம் ஆண்டுச் சாசனம் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டுக் கொடுத்ததும், அரசு உரிமையை மிதித்தால் கிளர்ந்தெழுவது கடமை என்றதும், இரண்டே வருடத்தில் அதே குடியரசு வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு என்று சுருங்கியதும், பசித்தவனைக் கண்டு குடியரசு பயந்துவிட்டது என்று நான் எழுதிய வரியை இப்போது ரெஜினா வாசிக்கிறாள், அந்த வரியை எழுதிய வாரம்தான் சவரிநாதன் மகளை டியூஷனில் கொண்டுவிட மாட்டேன் என்றேன், என்ன தம்பி, சமத்துவம் பேசுறியா, பேசு, என் கையெழுத்து இல்லாம பேசு என்று சிரித்தார், இரண்டு வருடம் முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, உன் அத்தியாயத்துல சரக்கே இல்லப்பா என்றார், நான் ஆய்வை விட்டு வெளியேறினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு முன் ஆய்வேட்டை நூலகத்தில் வைப்பார்கள், யாரும் படிக்கலாம், தேர்வன்று யாரும் கேள்வி கேட்கலாம், வழக்கமாக நண்பர்கள் சொல்லிவைத்த கேள்வியைக் கேட்டுவிட்டுச் சமோசா சாப்பிடப் போவார்கள், நான் படித்தேன், வரிக்கு வரி நான், எரிந்துகொண்டே பக்கம் புரட்டியவன் ஒரு தேதியில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன், புரட்சிக்காரர்கள் அரசர்களின் நாட்காட்டியைத் தூக்கியெறிந்து மாதத்துக்கு முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம் வைத்தார்கள், மிச்சம் ஐந்து நாள் திருவிழா, சில ஆண்டுகளில் மட்டும் ஆறாவதாக ஒரு நாள், அதன் பெயர் புரட்சி நாள், மூன்றாம் ஆண்டில் அது உண்டு, அதை எண்ணாமல் விட்டவன் நான், அதற்குப் பிந்தைய தேதியெல்லாம் ஒரு நாள் முந்திப்போயிருந்தன, கம்பெனியில் ஷிப்ட் அட்டவணை போடும்போதுதான் எனக்கே உறைத்தது, திருடியவர்கள் என் தப்பையும் சேர்த்து எடுத்துப் போயிருந்தார்கள்.

வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்கிறார் மாதவராஜ், எழுகிறேன், வரி கட்டுகிறவனுக்கே ஓட்டு என்ற புதிய சாசனத்தை அறிவித்தது செப்டம்பர் இருபத்துமூன்று, நீங்கள் இருபத்திரண்டு என்கிறீர்கள், எப்படிக் கணக்கிட்டீர்கள், ரெஜினா சவரிநாதனைப் பார்க்கிறாள், அவர் என்னைப் பார்க்கிறார், டைப்பிங் மிஸ்டேக் சார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிறார் மாதவராஜிடம், அதற்குப் பிறகும் ஏழு தேதி, ஏழும் ஒரு நாள் முந்தியிருக்கின்றன, இதோ இதிலும் அதே ஏழு என்று என் பழைய பிரதியை மேசையில் வைத்தேன், ஓரத்தில் சவரிநாதன் பச்சை மையில் எழுதிய குறிப்புகள், மாதவராஜ் இரண்டையும் ஒன்றாக வைத்து வரி வரியாகப் படிக்கிறார், பிறகு சவரிநாதன் கண்ணாடியைக் கழற்றி, என்னம்மா ரெஜினா, இப்படி என்னை ஏமாத்திட்டியே, அந்தப் பழைய ஃபைல எங்கேருந்தும்மா எடுத்த என்கிறார், அவள் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

அவளும் விழட்டும் என்றுதான் வந்திருந்தேன், இரக்கமெல்லாம் வரவில்லை, அவளைத் தள்ளிவிட்டு அவர் ஏறிப் போய்விடுவார் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை, ரெஜினா, யார் குடுத்தது, சொல்லு, சொன்னா அவரோட சேந்து விழுவ, சொல்லலன்னா நீ மட்டும் விழுவ, எப்படியும் பட்டம் போச்சு என்றேன். அண்ணா, எனக்கு அது உங்களுதுன்னு தெரியாது, சத்தியமா என்றாள், கைபேசியைத் திறந்து மாதவராஜிடம் நீட்டினாள், சவரிநாதன் அனுப்பிய கோப்பு, கீழே அவரே எழுதியது, இத மூணாவதா போட்டுக்கோம்மா, யாரு தேடி வரப்போறான்.

மாதவராஜ் அதைச் சத்தமாகவே வாசித்தார், பிறகு சவரிநாதனிடம், நாங்க பேசி முடிவெடுக்கணும், நீங்க வெளிய இருங்க சார் என்றார், இந்தத் தேர்வ நடத்துற கன்வீனர் நான் சார், நான் இல்லாம எப்படி, இந்தப் பையன் நேத்து வரைக்கும் என் வீட்டு வாசல்ல நின்னவன், அவன் இருப்பான், நான் போகணுமா, ஆமா சார், அவர் இருக்கணும் என்றார் மாதவராஜ், யாரும் எழுந்திருக்கவில்லை, அவர் என்னைக் கடந்து போகும்போது முகத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன், தட்சணாமூர்த்தி அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டுப் பூட்டினார்.