சூடு காட்டும் நேரம்

நஜ்முன்னிசாவின் உடலை நாலு மணி அஸர் தொழுகைக்குள் எடுத்துவிட வேண்டும் என்றது ஜமாஅத். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது என்றான் அவள் கணவன் ரஹ்மத்துல்லா. காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தட்டியபோது அவள் எழவில்லை. அவன் வேலையிலிருந்து ஓடி வந்தான். இப்போது பேசிப் படியவைக்க என்னை அனுப்பினார்கள். தாராவியில் முப்பது வருடம் தோல் வாங்கிப் பை தைத்து விற்றவன், எந்த சேட்டிடமும் இரண்டு ரூபாய் குறைத்துவிடுவேன் என்று பெயர் எனக்கு. இறந்தவள் என் தங்கை என்பதை அந்த அவசரத்தில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானும்தான்.

ரஹ்மத்துல்லாவுக்குச் செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கன்னம் உப்பிய ஹாம்ஸ்டர் எலிகளைக் குளிர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது. "நமக்குக் கொசு, எலிக்கு ஏசியா?" என்று கேலி செய்வேன். கோபப்பட மாட்டான். குளிரில் அவை நாள்கணக்கில் கல்லாகச் சுருண்டு கிடக்குமாம். இதயம் நிமிடத்துக்கு நாலைந்து தடவைதான் அடிக்கும். காலுக்கும் தோலுக்கும் போகும் ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்ளும். மிச்சமிருக்கிற ஓட்டம் இதயத்துக்கும் மூளைக்கும். அத்தனை மெதுவாக ஓடியும் ரத்தம் உறையாது. விழிக்கையில் நெஞ்சுப் பக்கம்தான் முதலில் திறக்கும். பின்னங்கால் கடைசியில் சூடாகும்.

"கடை ஷட்டரெ இறக்கிட்டு உள்ள ஒரு பல்பு மட்டும் போட்டுவைப்பீகல்லா, அதான் மச்சான்" என்பான்.

சேர்ந்த புதிதில், தூங்கிய ஒன்றைச் செத்ததென்று குப்பைப் பையில் போட்டுவிட்டான். ஒரு மணி நேரத்தில் பை அசைந்தது. அன்றிலிருந்து அங்கே ஒரு சட்டம்: சூடு காட்டிப் பார்க்காமல் எதையும் செத்ததென்று எழுதக்கூடாது.

நான் உள்ளே போனபோது அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு."

"நாடிதான பாத்தாரு. எங்க எலிக்கும்தான் நாடி கெடைக்காது."

"அவ மனுசிலே. குளிர்ல சுருண்டு தூங்குற சாதி இல்ல."

"தெரியும். மஃரிப் வரைக்கும்" என்றான்.

"அஸர்."

"ஆறு மணி."

"கபர்ஸ்தான்ல குழி வெட்டியாச்சு. நாலு."

"அஞ்சு. நானே குளிப்பாட்டுதேன். வெந்நில."

படிந்தது. நாலரைக்கு மடக்கியிருக்கலாமே என்று பழக்கதோஷத்தில் மனசுக்குள் ஓடியது. தூ.

திரைக்குள் எங்கள் சின்னம்மா சாயிரா சாச்சி வெந்நீர் மொண்டு கொடுக்க, அவன் ஊற்றினான். நான் வெளியே நின்றேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. வெகு நேரம் எந்தச் சத்தமும் இல்லை. அவள் நெஞ்சில் கை வைத்துக் காத்திருக்கிறான் என்று புரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் காத்திருந்தேன்.

"போதும் வாப்பா. பிள்ளைய நோவடிக்காத" என்று சாச்சி சொன்னது கேட்டது.

வெளியே வந்தான்.

"சூடாத்தான் இருந்துச்சு மச்சான். ஆனா அது நாம ஊத்துன சூடு. ஆறிட்டு. எலிக்கு உள்ளேருந்து வரும்."

"சரி. எடுப்போம்."

அவன் நகரவில்லை.

"காலைல ஷிப்டுக்குப் பொறப்படையில அவளுக்குப் போர்வை வெலகிக் கெடந்துச்சு. இழுத்து மூடுனேன். காலு சில்லுன்னு இருந்துச்சு."

எடுக்க வந்தவர்களைக் கையால் நிறுத்தினேன்.

"வேற எவனா இருந்தாலும் பதறி எழுப்பியிருப்பான். பத்து வருசமா சில்லுன்னு கெடக்குறத தொட்டுத் தொட்டு எனக்கு அது தூக்கமாத்தான் தெரிஞ்சுது. தூங்கட்டும்னு சத்தமில்லாம கதவச் சாத்திட்டுப் போனேன்."

அப்போதே உயிர் போயிருக்கும், நீ என்ன செய்திருக்க முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அது எனக்குத் தெரியாது. தெரியாத சரக்குக்கெல்லாம் உத்தரவாதம் கொடுத்துப் பழகிய வாய்தான், அன்று வரவில்லை.

கஃபன் துணி சுற்றி சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். தூக்கும்போது, கணவன் முன்னால் வரட்டும் என்று தலைமாட்டுப் பக்கம் இடம் விட்டார்கள். அவன் போகவில்லை. சுற்றிவந்து கால்மாட்டைப் பிடித்துக்கொண்டான்.