நைல் கரையில் துடக்கு

சிட்னி பரமட்டாவில் நான் வேலை செய்த பயண அலுவலகத்துக்கு ஆனந்தராஜா அண்ணை போன் எடுத்தார். தனக்கும் மனைவி யோகராணிக்கும் பதிந்திருந்த நைல் பயணத்தை ரத்துச் செய்யட்டாம்.

"ஊரில அம்மா மோசம் போயிட்டா, பிள்ளை. துடக்கு. கோயிலுக்குப் போகேலாது."

லக்சரிலிருந்து அசுவான் வரைக்கும் கப்பலில் ஆறுதலாகப் போய், கரையோரத்து எகிப்தியக் கோயில்களைப் பார்க்கிற பயணம் அது. அங்கே பூசை நின்று ஆயிரத்து நானூறு வருசமாவது இருக்கும். அந்தக் கடவுள்களுக்கே திவசம் கொடுக்க ஆளில்லை. அந்தக் கோயில்களுக்குள் கால் வைக்க யாழ்ப்பாணத்துச் சாவுத் தீட்டுக் கணக்கு!

வேலை முடிந்து நார்த்மீட்டுக்கு பஸ் ஏறினேன், செத்தவீட்டுக்கென்று சொல்லிக்கொண்டு, சண்டைக்கு.

கோபம் யோகராணி அக்காவுக்காக. ஊரில் சரித்திரம் படிப்பித்த ஆள். கரும்பலகையில் நைல் நதியைக் கீறிக் கீறியே வயது போனது. சிட்னியில் அந்தப் படிப்பை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை; பிஸ்கட் பக்டரியில் பெட்டி ஒட்டுகிறார். பக்டரி பூட்டுவது நத்தாருக்கு, கிறிஸ்மசுக்கு மட்டும். இந்த எழுபத்துநாலாம் ஆண்டு நத்தாருக்குத்தான் அண்ணைக்கும் சேர்த்து லீவு கிடைத்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய அந்த லீவும் முடிந்துவிடும்.

அண்ணை தாடியோடு கதவைத் திறந்தார். அக்கா குசினி வாசலில் நின்றார், கண் வீங்கியிருந்தது. மாமிக்கா, நைலுக்கா என்று நான் கேட்கவில்லை.

"தேத்தண்ணி தாங்கோ அக்கா" என்றேன்.

"துடக்கு வீட்டில ஒண்டும் குடிக்கிறதில்லை, பிள்ளை" என்றார் அண்ணை.

"நான் குடிப்பன். அண்ணை, அது கோயில் இல்லை. கல்லு. ஐயரில்லை, விளக்கில்லை. வெள்ளைக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு படம் எடுக்கிற இடம்."

"சனம் கும்பிட்ட இடம் கும்பிட்ட இடந்தான்."

"என்ர அப்பாவும் ஊர்க் கோயிலைக் கும்பிட்டவர். வீதிக்கு அங்கால நிண்டு. எங்களை உள்ளுக்கு விட்டதில்லை. உங்கட துடக்கு முப்பத்தொண்டில முடியும். அவரின்ர துடக்கு அவர் சாகுமட்டும் முடியேல்லை."

என்னை முதன்முதல் கண்டபோது ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டவர் இவர். எதற்குக் கேட்டாரென்று எனக்குத் தெரியும். நான் மழுப்பிவிட்டிருந்தேன். இப்போது பதில் கிடைத்துவிட்டது.

எழும்பிப் போ என்று சொல்லுவார் என்று நினைத்தேன்.

"அது பிழைதான்" என்றார். "ஆனா பிள்ளை, தந்தி வரேக்க அம்மாவை எரிச்சு முடிஞ்சுது. தம்பிதான் கொள்ளி வைச்சவன். மூத்தவன் நான் இஞ்ச லாண்டரியில வெள்ளைக்காரன்ர சேட்டு மடிச்சுக்கொண்டு நிண்டனான். இனி நான் அவவுக்கு என்ன செய்யேலும்? சவரம் செய்யாமல் இருக்கலாம். மச்சம் தின்னாமல் இருக்கலாம். கோயில் படி ஏறாமல் இருக்கலாம். இவ்வளவுதான் மிச்சம்."

பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்த சூடான சொற்கள் இன்னும் நாலைந்து இருந்தன. அவை இந்த மனிசனுக்கு உரியவை அல்ல.

அக்கா தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாருங்கோ, மாமியின்ர துடக்கு எனக்குந்தான். நான் உங்களை மாதிரித்தான் மச்சமும் விட்டனான். ஆனா நான் போகப்போறன். நீங்கள் கப்பல்லயே இருங்கோ. நான் உள்ளுக்குப் போய்ப் பாத்திட்டு வாறன். பாவம் எண்டால் என்னோட."

"தனியவோ?"

"ஓம். அங்க எனக்கு வழி தெரியும்."

அவர் முகத்தைக் கையால் மூடினார். அழுகிறாரோ சிரிக்கிறாரோ தெரியவில்லை. கையை எடுத்தார்.

"ரத்துச் செய்யாதை, பிள்ளை" என்றார் என்னிடம். பிறகு, "அங்க உள்ளுக்குப் போகேக்க செருப்புக் கழட்டோணுமோ?"

என்னிடம் நைல் பயணம் வாங்கிய ஒருவரும் அதைக் கேட்டதில்லை. "தெரியாதண்ணை. தேவையில்லை எண்டுதான் நினைக்கிறன்."

அவர் மனைவியைப் பார்த்தார்.

"நீ கழட்டிப்போட்டுப் போ."