ஜோமாரின் தட்டு

கிளென் டிபெட்ஸ் வலேஹோவிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்த ஊரில் தெருவுக்கொரு பிலிப்பினோ உணவகம் இருந்தும் ஒன்றின் படியைக்கூட அவர் மிதித்ததில்லை. லாரி ஓட்டிய காலத்தில் அவருக்கு பர்கரே போதுமாயிருந்தது. சிறுநீரகம் கெட்டபிறகு தண்ணீரையே அளந்துதான் குடிக்க வேண்டியிருந்தது.

போன வருடம் ஜோமார் என்ற இளைஞன் சாலை விபத்தில் இறந்தான். அவனுடைய சிறுநீரகத்தை கிளெனுக்குப் பொருத்தினார்கள். ஆஸ்பத்திரி வழியாக இரு தரப்பும் சம்மதம் சொன்னபின் ஜோமாரின் அம்மா தியோடோரா போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவனோட முதல் வருஷ நினைவு. துக்கத்துக்குப் போட்ட கருப்பு உடுப்பைக் கழட்டுற நாள். எங்க சொந்தக்காரங்க சாப்பாட்டுக் கடையிலதான் விருந்து. நீங்க அவசியம் வரணும்."

கிளென் போனபோது கடையின் முன்கூடத்தில் யாருமில்லை. உள்ளறையிலிருந்து ஜெபம் கேட்டது. சுவரோரம் ஒரு மேசையில் சோறும் ஆவி பறக்கும் பன்றிக்கறி சூப்பும் வைத்திருந்தார்கள். முன்னால் நாற்காலியும் இருந்தது. தனக்குத்தான் பரிமாறியிருக்கிறார்கள் என்று எண்ணி அவர் உட்கார்ந்தார்.

முதல் வாய்க்கே புளி நாக்கைச் சுண்டியது. இரண்டாவது வாயில் கறியின் நெய்ப்பும் கீரையின் மணமும் தெரிந்தன. அதற்குமேல் அவரால் நிறுத்த முடியவில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பயமில்லாமல் குடிக்கிற சூப். கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

எதிரே மெழுகுவத்திகளோடு பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஐயோ, அது செத்த புள்ளைக்குப் படைச்சது!" என்றாள் ஓர் அத்தை.

ஜோமாரின் அப்பா ரெய்னாந்தே பின்வாசல் வழியே வெளியேறினார். கிளென் பதறி எழுந்தார். தியோடோரா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"இருங்க. மாசாமாசம் அவனுக்குத் தட்டு வைப்பேன். ஆறிப்போனதைக் கொட்டும்போது பெத்த வயிறு எரியும். இன்னிக்குத்தான் தட்டு காலியாயிருக்கு."

அவள் அழவில்லை. கிளென்தான் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டாமல் எழுந்து பின்வாசலுக்குப் போனார். ரெய்னாந்தே காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது சார். மன்னிச்சிடுங்க."

"அவன் கிட்னி உங்ககிட்ட இருக்கு. அவன் சோத்தையும் தின்னுட்டீங்க. எங்களுக்குன்னு என்னய்யா மிச்சம்?"

கிளென் தலைகுனிந்து நின்றார். ரெய்னாந்தேயே மறுபடி கேட்டார்.

"புளிப்பு எப்படி இருந்துச்சு?"

"கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"அவனுக்கும் அப்படித்தான் வேணும். இல்லேன்னா கிண்ணத்தைத் தள்ளிடுவான்." அவர் கையசைத்துக் கிளெனை உள்ளே போகச் சொன்னார்.

உள்ளே தியோடோரா கருப்பை மாற்றி நீலச் சட்டை உடுத்தியிருந்தாள். எல்லோரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்தார்கள். முள்கரண்டியும் கையுமாகக் கிளென் விழிப்பதைப் பார்த்த அத்தை, "அதை வெச்சுக்கிட்டு யாரைக் குத்தப் போறீங்க? கரண்டியால அள்ளிச் சாப்பிடுங்க" என்றாள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

பாதிச் சாப்பாட்டில் ரெய்னாந்தே வந்து மேசையின் மறுகோடியில் அமர்ந்தார். கிளென் பக்கம் திரும்பவே இல்லை. அத்தை கிளெனின் சோற்றில் மீன் சாஸை ஊற்றப் போனாள்.

"அதை ஊத்தாதே," என்றார் ரெய்னாந்தே, தன் தட்டைப் பார்த்தபடியே. "உப்பு அவருக்கு ஆகாது. கிட்னியைப் பாத்துக்க வேணாமா?"